கொரியரில் அனுப்ப முடியாத பேனா

பாப்பா,

இந்தக் காகிதத்தின் இடது ஓரத்தில் நீல நிறத்தில் ஒரு பெருவிரல் ரேகை இருக்கும். பயந்துவிடாதே, சொத்து எதையும் யாருக்கும் எழுதிக் கொடுத்துவிடவில்லை. இந்த வாரம் முழுக்க நான் தொட்ட இடமெல்லாம் இதே ரேகைதான். லைட் சுவிட்சில் இருக்கிறது, டீ கிளாசில் இருக்கிறது, காலண்டர் முருகனின் கன்னத்தில்கூட இருக்கிறது. நம் வீட்டில் இப்போது திருட்டுப் போனால் போலீஸ்காரர் வேறு யாரையும் தேட வேண்டாம், நேராக என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். நீ கேட்ட பேனாவைச் சரிசெய்யப் போய் வந்த வினை இது.

போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நம் வீட்டின் அகலம் உனக்குத் தெரியும், என் குரலின் அகலமும் தெரியும். நான் போனில் பேசினால் எதிர்வீட்டுக்காரர் பதில் சொல்கிறார். இதுவோ உன் அம்மா காதில் விழக் கூடாத சேதி. அதோடு, பேனாவை என் கையில் கொடுத்து எழுதச் சொன்னதே அவள்தான். “சும்மா எதனா ரெண்டு பக்கம் எழுதிப் பாருங்க, மை நல்லா ஓடி வரட்டும்” என்று சொல்லிவிட்டுப் பழமலைநாதர் கோயிலுக்குக் கிளம்பிப் போயிருக்கிறாள். பத்தாவதை இரண்டு தடவை எழுதியவனிடம் போய் ரெண்டு பக்கம் எழுது என்றால் அவன் என்னத்தை எழுதுவான்? முதலில் என் பெயரை எழுதினேன். பிறகு உன் பெயரை எழுதினேன். உன் பெயரை எழுதியதும் இதை உனக்கே எழுதிவிடலாம் என்று தோன்றிவிட்டது. அவள் கோயிலிலிருந்து வருவதற்குள் முடித்துத் தபாலில் சேர்த்துவிட வேண்டும்.

போன வாரம் நீ பேசும்போது என்னிடம் இரண்டு காரியம் ஒப்படைத்தாய். “எப்படியாச்சும் அம்மாவ அழச்சிகிட்டு வந்துடுங்கப்பா. அப்புறம், அம்மாவோட அந்தப் பச்சைப் பேனா வூட்ல இருக்குதான்னு பாருங்க. ரிஜிஸ்டர் ஆபீஸுல அதுலதான் நான் கையெழுத்துப் போடுவேன். கொரியர்ல அனுப்பிடுங்க, போதும்.” நானும் கொஞ்சம்கூட யோசிக்காமல், “ரெண்டும் ஆச்சின்னு வெச்சிக்க” என்றேன். போனை வைத்த பிறகுதான் நிலவரம் உறைத்தது. உன் கல்யாணத்துக்கு அம்மா வர மாட்டேன் என்று சொல்லி அப்போதே பல நாள் ஆகியிருந்தது. பேனா எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒன்று கையில் இல்லை, இன்னொன்று பேச்சுக்கு மசியவில்லை. இந்த லட்சணத்தில் வாக்குக் கொடுத்த தகப்பன் நான்.

அவள் ஏன் வர மாட்டேன் என்கிறாள் என்பதை நீ வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறாய். மாப்பிள்ளை வேறு மதம் என்பதால் என்று நினைக்கிறாய். இல்லை பாப்பா. டேவிட் நாகர்கோவிலிலிருந்து நம் வீட்டுக்கு வந்துவிட்டுப் போன அன்றைக்கு அவள் என்னிடம் சொன்னது இது: “அந்தப் புள்ள சாப்ட்ட தட்ட அதுவே கழுவி கவுத்துச்சு. இந்த வூட்ல ஒரு ஆம்பள தட்டு கழுவி இன்னிக்குதாங்க பாக்குறேன்.” அந்தச் சாக்கில் எனக்கும் ஒரு குத்து. அன்றோடு மாப்பிள்ளை பாஸாகிவிட்டார், நான் வழக்கம்போல ஃபெயில். கோயிலில் வைத்தால் அவர்கள் வீட்டில் வருத்தம், சர்ச்சில் வைத்தால் நம் பக்கத்தில் வருத்தம், அதனால் இரண்டும் வேண்டாம், ரிஜிஸ்டர் ஆபீஸ் போதும் என்று நீங்கள் இரண்டு பேரும் எடுத்த முடிவையும் அவள் தப்பு சொல்லவில்லை. அவளுக்குக் கஷ்டம் வேறு இடத்தில்.

அது எனக்கே லேட்டாகத்தான் தெரிந்தது. நான் என்னவோ பெரிய வக்கீல் மாதிரி, “பொண்ணு கல்யாணத்துக்குத் தாயி வரலன்னா நாலு பேரு இன்னா பேசுவாங்க?” என்று ஆரம்பித்தேன். “அந்த நாலு பேரு ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு வருவாங்களா? வந்தா நல்லதாப் போச்சு, அவுங்களையே சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க” என்றாள். கேஸ் தள்ளுபடி. கொஞ்ச நேரம் கழித்து, முறத்தில் உளுந்தைப் புடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். “ஏங்க, ஒரு கல்யாணம்னா எனக்கு ஒரு வேல இருக்கணும்ல? அங்க இன்னா இருக்குது? மேசை, நாக்காலி, ஃபேனு. சாட்சிக்கு அவ ஃபிரண்டுங்க இருக்காங்க. போட்டோவுக்கு செல்லு இருக்குது. மாலைய அவுங்களே ஆர்டர் பண்ணிட்டாங்களாம். நான் போயி பஸ் ஸ்டாண்டுல நிக்கிற மாரி ஒரு ஓரமா நின்னுட்டு வரணும். அதுக்கு இங்கயே நிக்கிறேன்.”

அப்போதுதான் எனக்கு ஸ்ரீமுஷ்ணத்தில் நடந்த உன் பெரியம்மா மகள் கல்யாணம் ஞாபகத்துக்கு வந்தது. உனக்கும் ஞாபகம் இருக்கும். மண்டபத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் “சித்தி எங்க, சித்தி எங்க” என்று ஒரே கூப்பாடு. தாலிச் சரட்டில் வரிசையாக ஊக்கு மாட்டிக்கொண்டு அவள் ஓடிக்கொண்டிருந்தாள். மணவறையில் விளக்கு ஏற்ற வத்திப்பெட்டி இல்லை என்றபோது அவள் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களே அவளைத்தான் பெண்ணின் அம்மா என்று நினைத்து வணக்கம் வைத்தார்கள். நான் பந்தியில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து வடையை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரார் வீட்டுக் கல்யாணத்தில் எல்லாம் அப்படி ஓடியவளுக்குத் தன் ஒரே மகள் கல்யாணத்தில் ஒரு ஊக்கு குத்தக்கூட வேலை இல்லை. அவள் கோபமாக இல்லை பாப்பா. வேலையை விட்டு நிறுத்தப்பட்ட ஆள் மாதிரி இருந்தாள். நான் எழுந்து பேனாவைத் தேடப் போனேன். அந்த ஒரு காரியமாவது சரியாகிவிடும் என்று நம்பினேன்.

பேனா தையல் மெஷின் டிராயரில், பொத்தான்களுக்கும் தேய்ந்த சாக்பீஸுக்கும் நடுவில் படுத்திருந்தது. அதே பச்சை உடம்பு, மூடியில் என் பல் தடம். எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் உன் அம்மா நம் செராமிக் பேட்டையில் ஒரு பொம்மைக் கம்பெனியில் பார்சல் கட்டிக்கொண்டிருந்தாள். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று பெட்டியில் ஒட்டுகிற சீட்டு எழுதுவதையும் அவளிடமே கொடுத்துவிட்டார்கள். அதற்காக வாங்கியது இந்தப் பேனா. பிறகு அவளைப் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிற பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள், இன்றைக்கும் அதைத்தான் செய்கிறாள், பேனா வீட்டுக்கு வந்துவிட்டது. உன் பத்தாவது பரீட்சைக்கு ஒவ்வொரு நாள் காலையிலும் அவள் அதில் மை நிரப்பி, நிப்பைத் துடைத்து, உன் பையில் செருகியது உனக்கு மறந்திருக்காது. அதனால்தானே அந்தப் பேனாவையே கேட்டாய்.

நிப்பு ஆட ஆரம்பித்தது யாரால் என்பதும் உனக்குத் தெரிந்த கதைதான். கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள், கம்பெனியிலிருந்து நான் கொண்டுவந்திருந்த, பொம்மை வார்க்கிற பிளாஸ்டர் அச்சு ஒன்றின் காற்றுத் துளையில் களிமண் காய்ந்து அடைத்திருக்கிறது என்று, வேறு எதுவும் கைக்கு அகப்படாமல், உன் பேனா நிப்பால் குத்தி எடுத்த மேதை நான். மறுநாள் விடைத்தாளில் அப்பளம் அகலத்துக்கு ஒரு கறை. நீ அழுதுகொண்டு வந்தாய். மார்க் என்னவோ குறையவில்லை. கணக்குப் பேப்பர் என்பதால் அதையும் நீ போட்ட வட்டம் என்று நினைத்து மார்க் போட்டிருப்பார்கள் என்று நான் சொன்னேன். உன் அம்மா அன்று எனக்குச் சோறு போட்ட வேகத்தில் தட்டு இரண்டு தடவை சுற்றியது.

சரி, இந்த வாரக் கதைக்கு வருகிறேன். அம்மா வேலைக்குப் போன சமயம் பார்த்து மை நிரப்பினேன். கழுத்தை உடம்போடு திருகுகிற மரையில் கசிந்தது. அது எனக்குத் தெரிந்த வியாதி. மரையில் நூலைச் சுற்றி, கொஞ்சம் வாஸ்லின் தடவித் திருகினேன், நின்றுவிட்டது. நானே என் முதுகைத் தட்டிக்கொண்டு பேனாவைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். டீக்கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்து, “அண்ணே, நெஞ்சு வலிக்குதா?” என்று கேட்டார். குனிந்து பார்த்தால் பாக்கெட்டிலிருந்து நீலமாக வடிந்துகொண்டிருக்கிறது. மரை அடைபட்டதால் நிப்பு வழியாக வந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து நிப்பைப் பிடித்து லேசாகத்தான் இழுத்தேன். பால் பல் மாதிரி கையோடு வந்துவிட்டது. அதற்கு அடியில் வரி வரியாகக் கீறின கறுப்புக் கட்டை இருக்கிறதே, நாக்கு என்போமே, அதுவும் கூடவே வந்தது.

மறுநாள் கடைத்தெருவில் பாய் கடைக்குப் போய் ஒரு நிப்பு வாங்கினேன். பாய் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நிப்பு குடுக்குறேன் அண்ணே. ஆனா ஒங்க நாக்கு மேல இது ஒக்காராது போல இருக்குதே. நாக்கு தேஞ்சிருக்குது, அதுக்குத் தோதா பழைய நிப்பும் வளஞ்சிருக்குது” என்றார். “நான் ஒக்கார வெச்சிக்கிறேன் பாய்” என்றேன். சொல்வது யார் பார். கம்பெனியில் ஊறுகாய் ஜாடிக்கு நான் என்ன சொல்லிக் கொடுக்கிறேன்? எந்த ஜாடியோ அதன் மேலேயே அதன் மூடியை வைத்துத்தான் சூளையில் ஏற்ற வேண்டும், இரண்டும் சேர்ந்து சுருங்கினால்தான் மூடி உட்காரும், மாற்றி வைத்தால் ஆயுசுக்கும் ஆடும் என்று புதிதாக வருகிறவர்களிடம் எல்லாம் தினம் கத்துகிறவன் நான். வீட்டுக்கு வந்து வேறு நிப்பை இந்த நாக்கு மேல் வைத்து அழுத்து அழுத்து என்று அழுத்தினேன். ஆடியது. எழுதினால் ஒரு எழுத்து வந்தது, அடுத்த எழுத்துக்குப் பதில் ஒரு சொட்டு வந்தது.

அப்புறம் செய்ததுதான் உச்சம். இதை நீ டேவிட்டிடம் சொல்லக் கூடாது. சொன்னால், மாமனார் வேலை பார்க்கும் கம்பெனியில் பீங்கானே வாங்கக் கூடாது என்று முடிவு செய்துவிடுவார். பழைய நிப்பையே திரும்ப வைத்து, அது ஆடுகிற இடுக்கில் துளி பிளாஸ்டர் குழைத்து வைத்துப் பூசினேன். எனக்குத் தெரிந்த ஒரே பசை அதுதானே. நன்றாக இறுகிவிட்டது. நிப்பு அசையவே இல்லை. ஒரு சொட்டு ஒழுகவில்லை. அழகு என்று நினைத்து எழுதிப் பார்த்தால் ஒரு கோடுகூட விழவில்லை. பிளாஸ்டர் மெல்ல மெல்ல நீலமாகிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கூழாகக் கரைத்த களிமண்ணை அச்சில் ஊற்றினால் அதிலிருக்கும் தண்ணீரைப் பிளாஸ்டர் குடிக்கும், குடித்தால்தான் பொம்மை இறுகும். அது தண்ணீர் குடிப்பதால்தான் நாம் இத்தனை வருஷமாகச் சோறு சாப்பிடுகிறோம். அதை எடுத்து மைப் பேனாவின் வாயில் அடைத்த ஒரே ஆள் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்.

அந்த நேரம் பார்த்து அம்மா வந்துவிட்டாள்.

“இன்னாங்க அது வெள்ளையா?”

“பிளாஸ்டரு.”

“பேனாவுக்கா?”

“கொஞ்சமாத்தான் வெச்சேன்.”

அவள் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். “ஐயே, பேனாவுக்கு மாவுக்கட்டு போட்டிருக்குறீங்களா? எப்பங்க கட்டுப் பிரிக்கணும்? எலும்பு கூடுறதுக்கு ஆட்டுக்கால் சூப்பு வெச்சிக் குடுக்கட்டா?” என்று கேட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் பாப்பா. ரிஜிஸ்டர் ஆபீஸ் சேதி வந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. நானும் சிரித்தேன். சிரித்து முடித்து முந்தானையால் கண்ணைத் துடைக்கும்போதுதான் அது அவள் பேனா என்பதைக் கவனித்தாள். “இது என்னுதாச்சே. எதுக்கு இத எடுத்தீங்க?”

“பாப்பா கேட்டுச்சு. ரிஜிஸ்டர்ல இதாலதான் கையெழுத்துப் போடுவேன்னுது. கொரியர்ல அனுப்பச் சொல்லிச்சு” என்றேன்.

இதை நான் முதல் நாளே அவளிடம் சொல்லியிருக்கலாம். கமுக்கமாகச் சரிசெய்து அனுப்பி, உன்னிடம் நல்ல பேர் வாங்கலாம் என்று மறைத்துவைத்திருந்தேன். அவள் பேனாவை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். பிளாஸ்டரை நகத்தால் சுரண்டிப் பார்த்துக்கொண்டே, “ஏன், மெட்ராஸுல பேனாவே விக்கிறதில்லியாமா?” என்றாள். வார்த்தை வழக்கமான குத்தல்தான். குரல் வேறாக இருந்தது.

அதற்கப்புறம் நான் அங்கே வெறும் எடுபிடி. வெதுவெதுப்பான தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன். ஊசி கேட்டாள், கொடுத்தேன். பேனாவின் கழுத்தை டம்ளரில் ஊறப் போட்டு, பிளாஸ்டரைப் பொடிப் பொடியாகக் குத்தி எடுத்து, கண் எழுதுகிற பிரஷ்ஷால் நாக்கின் ஒவ்வொரு வரியையும் கழுவினாள். பொம்மை சுற்றுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாளில் ஒரு சின்னக் கீற்று வெட்டி நாக்குக்கு அடியில் கொடுத்தாள். முதலில் வெட்டியது தடிமனாகிவிட்டது, நிப்பின் நுனி இரண்டும் விலகி வாய் பிளந்தது. “ச்சை” என்று எடுத்துப் போட்டுவிட்டு இன்னும் மெல்லிசாக வெட்டினாள். நிப்பை நாக்கின் மேல் சரியாக வைத்து, துணியால் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, ஒரே சீராக உள்ளே தள்ளினாள். “நிப்பத் தனியா நாக்கத் தனியா சொருவுனா எப்பவும் ஒக்காராதுங்க. ரெண்டையும் ஒண்ணாப் புடிச்சி உள்ள வுடணும்” என்றாள். நான் உடனே ஜாடி, மூடி, சூளை, கல்யாணம், குடும்பம் என்று ஆரம்பித்தேன். “ஆரம்பிச்சிட்டீங்களா?” என்றாள். நிறுத்திவிட்டேன். உனக்கும் அந்தப் பாடத்தை விட்டுவிடுகிறேன், பிழைத்துப் போ.

மை நிரப்பி, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தாள். புதுப் பேனா கிடைத்தால் எல்லோரும் பெயரை எழுதுவார்கள், அல்லது பிள்ளையார் சுழி போடுவார்கள். உன் அம்மா எழுதியது என்ன தெரியுமா? ‘உடையும் பொருள். மெல்ல இறக்கவும்.’ அந்தக் காலத்தில் பார்சல் சீட்டில் எழுதிய அதே எழுத்து, ஒரு வளைவுகூடக் கோணவில்லை. கை தானாக எழுதிவிட்டது போலிருக்கிறது. எழுதியதை அவளே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “ஓடுது” என்றாள். நான் அந்தத் தாளை எடுத்துவைத்திருக்கிறேன்.

ஆனால் இத்தனைக்கும் பிறகு பேனாவுக்கு ஒரு குணம் மிச்சம் இருக்கிறது. மை நிறைய இருக்கும்வரை சமர்த்தாக எழுதும். பாதிக்குக் கீழே இறங்கினால் உள்ளே காற்று சேர்ந்துவிடுகிறது, கைச்சூடு பட்டதும் அந்தக் காற்று மையை வெளியே தள்ளுகிறது, ஒரு சொட்டு விழுகிறது. அதனால் எப்போதும் நிரப்பியே வைக்க வேண்டும், எழுதாத நேரத்தில் நிப்பு மேலே பார்த்து நிற்க வேண்டும், குலுக்கக் கூடாது. இதையும் உன் அம்மாதான் சொன்னாள். சொல்லிவிட்டு, “இத எப்படிக் கொரியர்ல அனுப்புவீங்க? அவனுங்க தலகீழா எறிவானுங்களே” என்றாள். “கேட்டுட்டு வரேன்” என்று கிளம்பினேன்.

கொரியர் ஆபீசில் இருந்த தம்பி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “மைய கொட்டிட்டு, கழுவிட்டு, ஒரு கவர்ல சுத்திக் குடுங்க சார். நாளைக்கே மெட்ராஸுல இருக்கும். மை பாட்டிலு அங்க வாங்கிப்பாங்க” என்றார். எவ்வளவு சுலபம் பார். எனக்கு ஏன் தோன்றவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டு, இதை உடனே அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று வேகமாக வீட்டுக்கு வந்தேன்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இஸ்திரிச் சூட்டு வாசனை வந்தது. தரையில் போர்வையை விரித்து அவள் பட்டுப் புடவையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உன் கல்யாணத்துக்கு என்று எடுத்து, டிரங்குப் பெட்டியிலேயே வைத்திருந்தாளே, அந்த அரக்குப் புடவை. என்னைப் பார்த்ததும் அவள் கை நிற்கவில்லை, கண் மட்டும் நிமிர்ந்தது. “கொரியர்காரன் இன்னா சொன்னான்?”

பாப்பா, உன் அப்பா வாழ்க்கையில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்ததே இல்லை. பெண்ணாடம் சர்க்கரை ஆலைக்காரர்கள் நம் கம்பெனிக்கு வந்தபோது முதலாளிக்கு முன்னாலேயே விலையை உளறியவன். உன் பிறந்த நாளுக்கு அம்மா வாங்கிவைத்திருந்த சைக்கிளைப் பற்றி முந்தின நாளே உன்னிடம் சொன்னவன். அன்றைக்கு மட்டும் எந்தச் சாமி வந்து என் நாக்கைப் பிடித்ததோ தெரியவில்லை. “ஒழுகுற சாமான எடுக்க மாட்டாங்களாம்” என்றேன்.

“நான்தான் சொன்னேனே” என்று அவள் புடவையைத் திருப்பிப் போட்டாள். “யாராச்சும் நிமித்திப் புடிச்சிகிட்டுப் போனாதான் உண்டு.”

“நான் கொண்டு போறேன்” என்றேன், வேண்டுமென்றே.

“நீங்களா? நீங்க கொண்டு போனா விழுப்புரம் வர்றதுக்குள்ள சட்டையெல்லாம் நீலமாயிடும். மறுபடியும் பிளாஸ்டர் போடுவீங்க. நானே எடுத்துகினு வரேன். பஸ்ஸு வேணாம், வேப்பூர் ரோட்டுல தூக்கித் தூக்கிப் போடுவான். ட்ரெயினுக்கு டிக்கெட்டு எடுங்க.”

நான் திரும்பி நடந்து, கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன். அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. வருஷக்கணக்காகப் பார்சல் கட்டியவள் உன் அம்மா. யானை பொம்மையின் தும்பிக்கை ஒடியாமல் டெல்லிவரை அனுப்பியவள். மையைக் கொட்டிவிட்டுப் பேனாவை அனுப்பலாம் என்பது கொரியர் தம்பிக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாதா? நான் கொரியர் ஆபீசுக்குப் போகும்போதே புடவை பெட்டியிலிருந்து இறங்கியிருக்க வேண்டும். நான் சொன்னது பொய் என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருக்கலாம். இருந்தும் நாங்கள் இரண்டு பேரும் அன்றிலிருந்து அந்தப் பேனாவைப் பற்றி மிகவும் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறோம். மளிகைக் கடையில்கூட அவள், “எம் பொண்ணு கல்யாணத்துக்குப் பேனா எடுத்துகினு போறேன். வேற யாராலயும் அதத் தூக்கிகிட்டுப் போவ முடியாது” என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

இந்தக் கடிதத்தை எழுதியதே இதற்காகத்தான். நீ புத்திசாலிப் பெண், படித்தவள், பேனாவைப் பார்த்ததுமே “மையக் கொட்டிட்டு அனுப்பியிருக்கலாமேம்மா” என்று சொல்லிவிடுவாய். சொல்லிவிடாதே கண்ணு. டேவிட்டிடமும் சொல்லிவை. அவர் தட்டு கழுவுகிற கெட்டிக்காரர், அவருக்கும் சட்டென்று தோன்றிவிடும்.

இன்னொன்றும் சொல்கிறேன், அறிவுரை என்று எடுத்துக்கொண்டாலும் சரி. டேவிட்டின் அம்மாவும் வருவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு சொல்லவில்லை என்றாய். அவரைத் திரும்பத் திரும்ப “வாங்க, வாங்க” என்று கூப்பிட்டுக்கொண்டிருக்காதே. நானும் இங்கே அதைத்தான் செய்து தோற்றேன். சில பேருக்கு அழைப்பு போதாது, அங்கே அவர்கள் இல்லாவிட்டால் நடக்காத ஒரு வேலை வேண்டும். நீயே போன் பண்ணி, மோதிரம் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும் அத்தை, எங்களிடம் இருந்தால் தொலைத்துவிடுவோம் என்று சொல். பொய்தான். நீ சாவியைக்கூடத் தொலைத்ததில்லை என்பது எனக்குத் தெரியும். சொல்லு. நாளைக்கு நீங்கள் இரண்டு பேரும் குடித்தனம் பண்ணும்போதும் இதை ஞாபகம் வைத்துக்கொள். எல்லா வேலையையும் நானே அழகாகச் செய்துவிடுவேன் என்று இருக்காதே. ஒன்றிரண்டை டேவிட்டுக்கு என்று விட்டுவை, அவர் பிளாஸ்டர் பூசினாலும் சரி. உன் அம்மா எனக்கு அப்படி எத்தனை வேலை விட்டுவைத்திருக்கிறாள் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். இந்த ரெண்டு பக்கம் எழுதுகிற வேலையும் அதில் ஒன்றோ என்னவோ. மை அப்போதே நன்றாகத்தான் ஓடியது.

தெருமுனையில் அவள் குரல் கேட்கிறது, யாரிடமோ டிக்கெட் விஷயம் சொல்லிக்கொண்டு வருகிறாள். முடித்துக்கொள்கிறேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அவள் ஒரு எவர்சில்வர் டம்ளரில் பஞ்சு அடைத்து, அதில் பேனாவை நிமிர்த்தி நிறுத்தி, வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்து பார்த்து ஒத்திகை எல்லாம் முடித்துவிட்டாள். நீங்கள் இரண்டு பேரும் ஸ்டேஷனுக்கு வாருங்கள். ரயிலிலிருந்து முதலில் டம்ளர் இறங்கும், அதற்குப் பின்னால் உன் அம்மா இறங்குவாள், கடைசியில் எல்லா மூட்டையையும் தூக்கிக்கொண்டு நான் இறங்குவேன். பாசத்தில் ஓடிவந்து, “குடும்மா, நான் புடிச்சிக்கிறேன்” என்று கை நீட்டுவாய், உன் குணம் எனக்குத் தெரியும். என்னிடமிருந்து எந்த மூட்டையை வேண்டுமானாலும் வாங்கிக்கொள். அதை மட்டும் வாங்காதே. ரிஜிஸ்டர் ஆபீஸ் மேசைவரைக்கும் அவளே பிடித்துக்கொண்டு வரட்டும்.

அப்பா